ஸ்டேட் ரெப் மெயில்ல வர்ற ‘நம்ம ஊருக்கு இவ்ளோ டாலர்’: மாசசூசெட்ஸ் பட்ஜெட் பணம் எங்க கிளம்புது, எங்க நிக்குது

வருஷா வருஷம் ஜூலை மாசம் ஆனா மாசசூசெட்ஸ்ல இருக்குறவங்க இன்பாக்ஸ்ல ஒரு மெயில் வந்து விழும். அனுப்புறது அந்த ஏரியா ஸ்டேட் ரெப், நம்ம ஊர் கணக்குல சொன்னா எம்எல்ஏ. மேல ஒரு சிரிச்ச போட்டோ, கீழ பட்ஜெட் பாஸ் ஆயிடுச்சு, நம்ம ஊர் ஸ்கூலுக்கு இத்தனை மில்லியன், ரோட்டுக்கு இத்தனை லட்சம், சீனியர் சென்டருக்கு வேன் வாங்க இவ்ளோ, இதெல்லாம் போராடி வாங்கினதுல ரொம்ப பெருமைன்னு ஒரு பட்டியல், அதுக்கும் கீழ லைப்ரரில ஆஃபீஸ் ஹவர்ஸ், பழைய பெயின்ட் டப்பா போடுற நாள், ஸ்கவுட் பையன் ஒருத்தனுக்கு பாராட்டுப் பத்திரம். பாதிப் பேர் படிக்காம டெலீட் பண்ணிடுவாங்க, மீதிப் பேர் ‘பரவால்லயே, நம்மாளு நல்லா வேலை பார்க்கறாங்க’ன்னு நினைச்சுட்டு மூடிடுவாங்க. அந்தப் பட்டியல்ல இருக்குற ஒவ்வொரு தொகையும் ஒவ்வொரு ஜாதிப் பணம், எல்லாத்தையும் ஒரே வரிசையில நிக்க வச்சதுதான் பிரச்னையே. பெரிய தொகைகள்ல பெரும்பகுதி ரெப் யாரா இருந்தாலும் வந்திருக்கும், அவங்க நிஜமாவே ஓடியாடி வாங்கின சின்னத் தொகைதான் முதல்ல வெட்டு வாங்கும். இது நல்லா வெளிச்சமா தெரிஞ்சது 2025 ஜூலைல, அதனால அதையே கேஸா எடுத்துக்கறேன்.

முதல்ல அளவு புரியணும். மாசசூசெட்ஸ் ஹவுஸ்ல 160 பேர், செனட்ல 40 பேர். 2020 சென்சஸ் படி மாநில மக்கள்தொகை சுமார் 70 லட்சம், ஆக ஒரு ரெப்புக்கு கிட்டத்தட்ட 44 ஆயிரம் பேர் தான். தமிழ்நாட்டுல 234 தொகுதி, 2011 சென்சஸ் 7.2 கோடி, அப்படின்னா ஒரு எம்எல்ஏவுக்கு 3 லட்சம் பேருக்கு மேல. அதனாலதான் இங்க எம்எல்ஏ மெயில்ல பெயின்ட் டப்பா விஷயம் எல்லாம் வருது, நம்ம ஊர்ல அது வார்டு கவுன்சிலர் லெவல் சமாச்சாரம். இன்னொரு முக்கியமான வித்தியாசம், நம்ம ஊர் எம்எல்ஏவுக்கு தொகுதி மேம்பாட்டு நிதின்னு வருஷத்துக்கு 3 கோடி தனியா ஒதுக்குறாங்க, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ அதே தொகை, அவர் எழுதிக் குடுப்பாரு, கலெக்டர் நிர்வாக அனுமதி குடுப்பாரு, நிழற்குடையோ ரேஷன் கடையோ எழும்பும், மேல பேர் போர்டும் எழும்பும். இங்க அப்படி ரெப்புக்குன்னு ஒரு நிதியே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் முதல்ல இருந்து கேட்டு வாங்கணும், போன வருஷம் கிடைச்சது இந்த வருஷம் கிடைக்கும்னு ஒரு உத்தரவாதமும் இல்ல.

இங்க நிதியாண்டு ஜூலை 1ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30ல முடியுது. ஜனவரில கவர்னர் ஒரு பட்ஜெட் போடுவாங்க, ஏப்ரல்ல ஹவுஸ் ஒண்ணு போடும், மே மாசம் செனட் ஒண்ணு போடும், அப்புறம் ரெண்டு பக்கமும் மூணு மூணு பேர் கதவச் சாத்திட்டு உக்காந்து ஒண்ணாக்குவாங்க, அது கவர்னர் மேசைக்குப் போகும், பத்து நாள் டைம். 2026 நிதியாண்டு பட்ஜெட்ட கவர்னர் மோரா ஹீலி 2025 ஜூலை 4ல கையெழுத்து போட்டாங்க, மொத்தம் 60.9 பில்லியன் டாலர். அதே நாள் தான் வாஷிங்டன்ல டிரம்ப் அவரோட பெரிய வரி, செலவு மசோதால கையெழுத்து போட்டாரு, வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அதான் மெடிக்கெய்டு, அதுல கை வைக்கிற அதே மசோதா. மாசசூசெட்ஸ் மாதிரி மெடிக்கெய்டு பணத்த பெருசா நம்பி இருக்குற மாநிலத்துக்கு அது சின்ன விஷயம் இல்ல. அதனால ஹீலி கையெழுத்து போடும்போதே 130 மில்லியன வீட்டோ பண்ணாங்க, கூடவே இன்னொண்ணும் பண்ணாங்க, பட்ஜெட்ல இருந்த உள்ளூர் இயர்மார்க்குகள்ல, அதாவது இன்ன ஊர்ல இன்ன வேலைக்குன்னு பேர் சொல்லி எழுதி வச்ச பணத்துல, 125 மில்லியன இப்போதைக்கு விட மாட்டேன், வருஷம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் பேசலாம்னு நிறுத்தி வச்சுட்டாங்க.

60.9 பில்லியன்ல 125 மில்லியன்னா நூறு டாலருக்கு இருபது சென்ட். மாநிலத்துக்கு அது தூசு. ஆனா ரெப் மெயில்ல ‘நான் வாங்கினது’ன்னு மார் தட்டிச் சொல்லக்கூடிய வரிகள் பெரும்பாலும் அந்த இருபது சென்ட்டுக்குள்ள தான் இருக்கு. மெயில் போன வாரமே பணம் நின்னு போச்சு, ஆனா மெயில் என்னமோ எல்லாம் கைக்கு வந்த மாதிரிதான் பேசும்.

சரி, பட்டியல்ல முதல் வரில இருந்து வருவோம். ஸ்கூல் பணம். இதுக்கு இங்க பேரு சாப்டர் 70, பட்ஜெட்ல லைன் ஐட்டம் நம்பர் 7061-0008, 2026 நிதியாண்டுல 7 பில்லியனத் தாண்டிடுச்சு. 1993 கல்விச் சீர்திருத்தச் சட்டத்துல வந்த ஏற்பாடு. மாநிலம் முதல்ல ஒவ்வொரு ஊர்லயும் எத்தனை பசங்க, எத்தனை பேர் இங்கிலீஷ் புதுசா கத்துக்கறவங்க, எத்தனை பேர் வருமானம் கம்மியான குடும்பம்னு எண்ணி, இவங்கள படிக்க வைக்க குறைஞ்சது இவ்ளோ ஆகும்னு ஒரு தொகை போடும். அப்புறம் அந்த ஊர்ல வீடுகளோட மதிப்பு என்ன, ஜனங்களோட வருமானம் என்னன்னு பார்த்து, நீ இவ்ளோ போட முடியும் போடுன்னு சொல்லும். மிச்சம் மாநிலம் குடுக்கும். எவ்ளோ பணக்கார ஊரா இருந்தாலும் 82.5 சதவீதத்துக்கு மேல அந்த ஊர் தலைல கட்டக் கூடாதுன்னு ஒரு வரம்பு, அதனால நம்ம ஆளுங்க ஸ்கூல் ரேங்க் பார்த்து வீடு வாங்குற ஊர்களுக்கெல்லாம் அந்த 17.5 சதவீதக் கணக்குல வர்றதுதான். 2019 நவம்பர்ல ஸ்டூடன்ட் ஆப்பர்சூனிட்டி ஆக்ட்னு ஒண்ணு வந்து அந்தக் கணக்கையே திருத்தி எழுதினாங்க, 1.5 பில்லியன படிப்படியா சேர்க்கறதுன்னு, அதோட பெரும்பகுதி பலன் லாரன்ஸ், புராக்டன், ஸ்பிரிங்ஃபீல்ட் மாதிரி ஊர்களுக்கு. போக வேண்டிய இடமும் அதான்.

இப்ப பாருங்க, இதுல உங்க ரெப் தனியா நின்னு என்ன வாங்க முடியும்? ஃபார்முலால உங்க ஊர் நம்பர் போட்டா தானா வர்ற விடை அது. ‘நம்ம ஊர் ஸ்கூலுக்கு இத்தனை மில்லியன் கொண்டு வந்தேன்’னு சொல்றது கால்குலேட்டர் பண்ணின வேலைக்கு மாலை வாங்கிக்கறதுதான். ஆனா ஒரு விஷயத்துல ரெப்புகளுக்கு நியாயமா பாராட்டு போகணும். ஃபார்முலா படி புதுசா ஒண்ணும் கிடைக்காத ஊர்களுக்கும் போன வருஷத் தொகைய குறைக்காம, மேல ஒரு மாணவருக்கு இத்தனை டாலர்னு சேர்த்துக் குடுப்பாங்க, மினிமம் எய்டுன்னு பேரு. சில வருஷமா அது 30 டாலர்ல கிடந்தது. 2023 நிதியாண்டுல 60 ஆச்சு, 2025ல 104, 2026க்கு கவர்னர் சொன்னது 75, கடைசில பாஸ் ஆனது 150. அந்த 75க்கும் 150க்கும் நடுவுல இருக்குற இடைவெளி முழுக்க சட்டமன்றத்தோட வேலை. 6,000 பசங்க இருக்குற ஊர்னா 30 டாலர் கணக்குல 1.8 லட்சம் டாலர், 150 கணக்குல 9 லட்சம். ஒரு ஊர்ல எத்தனை டீச்சர் வேலை தப்பிக்கும்ங்கறது இந்த இடைவெளில தான் இருக்கு. ஆனா வேடிக்கை என்னன்னா இதுக்காக நிஜமாவே சண்டை போட்ட ரெப்புகூட இத மெயில்ல ஒரு வரில முடிச்சுட்டு சீனியர் சென்டர் வேனுக்கு போட்டோவோட ஒரு பத்தி எழுதுவாங்க. வேன் தானே போட்டோல விழும்.

எழுதாத இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த ஃபார்முலால விலைவாசி ஏற்றத்துக்கு வருஷத்துக்கு 4.5 சதவீதம்தான் உச்சவரம்பு. கோவிட்டுக்கு அப்புறம் விலைவாசி அதுக்கு மேல எகிறினப்போ வரம்புக்கு மேல போனத கணக்குலயே எடுத்துக்கல, பின்னாடி வந்த வருஷங்கள்லயும் ஈடு பண்ணல. ஊர்கள் இன்னும் அதுக்கு அழுதுட்டுதான் இருக்கு. இது எந்த மெயில்லயும் வராது, வந்தா ‘அத நீங்கதானே மாத்தணும்’னு யாராவது கேட்டுடுவாங்கல்ல.

ஊருக்கு ஸ்டேட் பணம் ஏன் இவ்ளோ முக்கியம்னா, இங்க ஊர் தன் இஷ்டத்துக்கு சொத்து வரி ஏத்த முடியாது. 1980ல ஜனங்க ஓட்டுப் போட்டு கொண்டு வந்த புரோபசிஷன் டூ அண்ட் ஹாஃப்னு ஒரு சட்டம், மொத்த சொத்து வரி வசூல வருஷத்துக்கு 2.5 சதவீதம் தான் கூட்டலாம், புதுசா கட்டுன கட்டடத்து வரி தனி. அதுக்கு மேல வேணும்னா ஊர் ஜனங்ககிட்ட ஓட்டுக்கு விடணும், ஓவர்ரைடுன்னு சொல்லுவாங்க. டீச்சர் சம்பளம், ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஸ்பெஷல் எஜுகேஷன் எல்லாம் 2.5ல நிக்குமா? நிக்காது. நியூட்டன் எப்பேர்ப்பட்ட பணக்கார சிட்டி, அங்கயே 2023 மார்ச்ல நடந்த ஓட்டெடுப்புல ரெண்டு ஸ்கூல் கட்டடத்துக்கு சரின்னு சொன்ன ஜனங்க தினசரிச் செலவுக்கான ஓவர்ரைடத் தோக்கடிச்சாங்க, அடுத்த ஜனவரில டீச்சர்ஸ் ஸ்டிரைக், 11 ஸ்கூல் நாள் போச்சு, இத்தனைக்கும் இந்த மாநிலத்துல அரசு ஊழியர் ஸ்டிரைக் பண்றதே சட்டப்படி தப்பு. ஓவர்ரைடும் ஸ்டிரைக்கும் நேரா முடிச்சுப் போட முடியாதுதான், சம்பளப் பேச்சுவார்த்தைக்கு அதுக்குன்னு தனிக் காரணங்கள் இருந்தது. ஆனா ஊர் கஜானா எவ்ளோ இறுக்கமா இருக்குன்னு புரிஞ்சுக்க அது போதும்.

அடுத்த வரி, பொதுச் செலவுக்கான உதவி. யூஜிஜிஏன்னு சுருக்கமா சொல்லுவாங்க, மாநிலம் முழுக்க சுமார் 1.3 பில்லியன், லாட்டரி வருமானம் இதுக்குத்தான் வருது, அதனால ஸ்கிராட்ச் டிக்கெட் சுரண்டுறவங்க எல்லாம் ஊர் ஃபயர் ஸ்டேஷனுக்கு மொய் வைக்கிறாங்கன்னு வச்சுக்கலாம். எல்லா ஊருக்கும் ஒரே சதவீத உயர்வு. ரெப் யாரா இருந்தாலும் அதே தொகைதான், மேல போவோம்.

ரோடு. சாப்டர் 90. 351 ஊருக்கும் பிரிச்சுக் குடுக்குற பணம், அதுலயும் ஃபார்முலா தான், வழக்கமா ரோட்டு நீளத்துக்கு 58.33 சதவீதம், மக்கள்தொகைக்கும் வேலைவாய்ப்புக்கும் தலா 20.83. 2012 நிதியாண்டுல இருந்து பத்து வருஷத்துக்கு மேல பெரும்பாலும் வருஷத்துக்கு 200 மில்லியன்னே ஓட்டினாங்க, தார் விலை, கூலி எல்லாம் ஏறினாலும் பெருசா அசையல, நடுவுல கோடீஸ்வர வரில இருந்து கொஞ்சம் மேல போட்டுக் குடுத்தாங்க, 2025ல தான் 300 மில்லியன் ஆச்சு. அந்த 100 மில்லியன் உயர்வு நல்ல விஷயம், மெயில்ல பெருமை அடிச்சா அடிச்சுக்கட்டும். ஆனா இதுவும் முன்பணம் கிடையாது, ஊர் முதல்ல வேலையப் பண்ணிட்டு பில் அனுப்பி திருப்பி வாங்கிக்கணும்.

கோடீஸ்வர வரின்னு சொன்னேன்ல, அது 2022 நவம்பர்ல ஓட்டெடுப்புல வந்தது, வருஷ வருமானம் ஒரு மில்லியன் டாலருக்கு மேல போற பகுதிக்கு 4 சதவீதம் கூடுதல், பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் மட்டும். சுமார் 52 சதவீதம் பேர் சரின்னு சொன்னாங்க. அதுல இருந்து வந்ததுதான் எல்லா அரசுப் பள்ளிப் பசங்களுக்கும் இலவசச் சாப்பாடு நிரந்தரமா ஆனது, மதிய உணவு அருமை பத்தி நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். பாஸ்டன் பக்கம் ரயில், பஸ் ஓட்டுற எம்பிடிஏக்கு வெளிய இருக்குற லோக்கல் பஸ்கள்ல டிக்கெட் இல்லாம போறதுக்கு 2025 நிதியாண்டுல 30 மில்லியன் ஒதுக்கினதும் அதே காசு. இதையும் தொகுதிச் சாதனை மாதிரி போடுவாங்க, மாநிலம் முழுக்க எல்லாருக்கும் உள்ளதுதான்.

இப்பதான் இயர்மார்க்குக்கு வர்றோம். கேஸோட நடுமையம் இதான், கொஞ்சம் பொறுமையா பார்க்கலாம்.

பட்ஜெட் புத்தகத்துல 7008-1116னு ஒரு லைன் ஐட்டம் இருக்கு, உள்ளூர் பொருளாதார மேம்பாட்டுத் திட்டங்கள்னு தலைப்பு. தொறந்து பார்த்தா ஒரே வாக்கியம், பக்கம் பக்கமா போகும், முற்றுப்புள்ளியே வராது. இந்த ஊர் பூங்காவுக்கு குறைஞ்சது 50,000 டாலர் செலவு பண்ணப்படணும், மேலும் அந்த ஊர் பழைய டவுன்ஹால் படிக்கட்டுக்கு குறைஞ்சது 25,000 செலவு பண்ணப்படணும், மேலும் இன்னொரு ஊர் உணவு வங்கிக்கு, மேலும் ஒரு மியூசியத்துக்கு, மேலும், மேலும்னு. அந்த ஒவ்வொரு ‘மேலும்’க்கும் பின்னாடி ஒரு ரெப்போ செனட்டரோ நிக்கறாங்க, அவங்க பேர் மட்டும் அங்க இருக்காது. பேர் இருக்குற இடம் அந்த ஜூலை மெயில்தான், அதுவும் சில சமயம் ரெப் மெயில்லயும் செனட்டர் மெயில்லயும் அதே படிக்கட்டு அதே 25,000, படிக்கறவங்க ரெண்டையும் கூட்டி 50,000னு நினைச்சுக்குவாங்க.

அந்த ‘மேலும்’ உள்ள எப்படி நுழையுதுங்கறது இன்னும் சுவாரசியம். ஏப்ரல்ல ஹவுஸ் நிதிக் கமிட்டி பட்ஜெட் வெளிய விடும், அதோட தலைவர் ஏரன் மிக்லெவிட்ஸ், 2019ல இருந்து அவர்தான். உடனே ரெப்புகள் திருத்தம் போடுவாங்க, 1,500க்கு மேல வரும். ஒவ்வொண்ணையும் சபையில விவாதிச்சு ஓட்டுப் போட்டா அடுத்த பட்ஜெட் வந்துடும், அதனால தலைப்பு வாரியா மூட்டை கட்டுவாங்க, கல்வி ஒரு மூட்டை, சுகாதாரம் ஒரு மூட்டை, உள்ளூர் உதவி ஒரு மூட்டை. எந்தத் திருத்தம் மூட்டைக்குள்ள போகும், எது வெளிய விழும், 100,000 கேட்டவங்களுக்கு 40,000ஆ 50,000ஆன்னு முடிவு பண்றது மூடின அறைக்குள்ள தலைமைகிட்ட பேசி. வெளிய வந்தா மொத்த மூட்டைக்கும் ஒரே ஓட்டு, ஏறக்குறைய எல்லாரும் சரி. ஏன்னா உள்ள நம்ம படிக்கட்டு இருக்கே, எப்படி வேண்டாம்னு சொல்றது? என் பார்வையில இயர்மார்க்கோட நிஜமான விலை இதுதான். 50,000 டாலர் மாநிலத்துக்கு ஒண்ணுமில்ல, ஆனா அந்த 50,000 வேணும்னா தலைமையப் பகைச்சுக்க முடியாது. 2024 நவம்பர்ல சட்டமன்றத்த மாநில ஆடிட்டர் தணிக்கை பண்ணலாமான்னு ஓட்டெடுப்பு வந்தப்போ 70 சதவீதத்துக்கும் மேல சரின்னு சொன்னாங்க, ஜனங்களுக்கும் அந்த மூடின கதவு மேல கடுப்பு இருக்குன்னு அதுல தெரிஞ்சது. அப்புறமும் சட்டமன்றத் தலைமை ஆடிட்டர உள்ள விடல, அரசியல் சட்டப்படி முடியாதுன்னு வாதம், அது தனிக் கதை.

அப்படி இப்படின்னு பட்ஜெட்ல ஏறி, செனட்லயும் தப்பிச்சு, கவர்னர் பேனாவுலயும் தப்பிச்சா பணம் வந்துடுச்சுன்னு அர்த்தமா? அங்கதான் 2025 ஜூலை நமக்குப் பாடம் எடுக்குது. 125 மில்லியன வீட்டோ பண்ணியிருந்தா சட்டமன்றம் மூணுல ரெண்டு பங்கு ஓட்டுல முறியடிக்கலாம், ரெண்டு சபையிலயும் டெமாக்ரட் கட்சிக்கு அந்தப் பலம் தாராளமா இருக்கு. ஆனா நிறுத்தி வைக்கறதுன்னா முறியடிக்க அங்க ஒண்ணுமே இல்ல, சட்டத்துல பணம் இருக்கு, கஜானாவுல இருந்து மட்டும் இறங்காது.

இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. 2024 நிதியாண்டுல முதல் ஆறு மாசத்துல வரி வசூல் எதிர்பார்த்தத விட 769 மில்லியன் குறைஞ்சது, உடனே 2024 ஜனவரி 8ல ஹீலி 375 மில்லியன வெட்டினாங்க. அதுக்கு இருக்குற அதிகாரத்துக்கு 9சின்னு பேரு, மாநிலச் சட்டத்துல 29வது அத்தியாயம் 9சி பிரிவு, வருமானம் குறைஞ்சா நிர்வாகத் துறைகளோட செலவ கவர்னர் தன்னிச்சையா குறைக்கலாம். கவனிக்க வேண்டிய வார்த்தை நிர்வாகத் துறைகள். சாப்டர் 70, யூஜிஜிஏ ரெண்டும் ஊர்களுக்கு நேரா போற உதவி, 9சி வச்சு கவர்னர் தன்னிச்சையா அதத் தொட முடியாது, சட்டமன்றம் தனியா சட்டம் போட்டு விடணும். இயர்மார்க் அப்படி இல்ல, அது ஒரு துறையோட லைன் ஐட்டத்துக்குள்ள குடியிருக்கு, அதனால கத்தி முதல்ல அங்கதான் விழும். ஃபார்முலா பணத்துக்கு சட்டத்தோட காவல் இருக்கு, ரெப் கஷ்டப்பட்டு வாங்கினதுக்கு அது இல்ல.

பணம் நிக்காம வந்தாலும் ஊர்ப் பக்கம் கதை வேற. கவுன்சில் ஆன் ஏஜிங்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒரு சின்ன ஆஃபீஸ் இருக்கும், வயசானவங்களுக்கு வேன், மதியச் சாப்பாடு, யோகா கிளாஸ்னு நடத்துவாங்க, நம்ம அப்பா அம்மா ஆறு மாசம் வந்து தங்கும்போது போற இடம். அங்க ஒரு வேனுக்கு இயர்மார்க் கிடைச்சதுன்னு வச்சுக்கோங்க. ஜூலைல மெயில்ல பேர் வந்துடும். அப்புறம் எந்தத் துறை வழியா பணம் வருதோ அந்தத் துறைல இருந்து ஒருத்தர் தொடர்பு கொள்வாங்க, என்ன வாங்கப் போறீங்க, எவ்ளோவுக்கு, எப்போன்னு எழுதிக் குடுங்க, ஒப்பந்தத்துல கையெழுத்து போடுங்க, வரி நம்பர் குடுக்குற டபிள்யூ-9 ஃபார்ம் அனுப்புங்கன்னு. இது முடியவே மாசக்கணக்குல ஆகும். பல சமயம் முதல்ல நீங்க வாங்குங்க, ரசீது அனுப்புங்க, திருப்பித் தர்றோம்னு சொல்லுவாங்க, பெரிய சிட்டின்னா சமாளிக்கும், மூணு பேர் வேலை பார்க்குற ஆஃபீஸோ சின்ன தொண்டு நிறுவனமோ எங்க போகும். எல்லாம் முடிச்சு வேன் ஆர்டர் போட்டா டெலிவரி லேட்டு, ஜூன் 30 வந்துடும், செலவாகாத பணம் திரும்பிப் போயிடும், அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகணும்னா அதுக்கும் சட்டமன்றத்துல தனியா எழுதி வாங்கணும். இதுல பாதி வருஷம் கவர்னர் பணத்த நிறுத்தி வச்சிருந்தா மிச்ச மாசங்கள்ல அந்த ஆஃபீஸ் என்னதான் பண்ணும்னு நீங்களே யோசிங்க.

இன்னொரு வகை அறிவிப்பும் மெயில்ல வரும், இதுல ஏமாறுறவங்க ரொம்ப ஜாஸ்தி. ‘பாலத்துக்கு 2 மில்லியன், நூலகத்துக்கு 1 மில்லியன்’னு பெரிய ரவுண்டு நம்பரா இருந்தா பெரும்பாலும் அது பட்ஜெட் இல்ல, பாண்டு மசோதா. 2024 ஆகஸ்ட்ல வந்த 5.16 பில்லியன் வீட்டு வசதிச் சட்டம், அதே வருஷம் நவம்பர்ல வந்த பொருளாதார மேம்பாட்டுச் சட்டம் எல்லாம் இந்த ரகம். அதோட அர்த்தம், இந்த வேலைக்காக கடன் வாங்க மாநிலத்துக்கு அனுமதி இருக்குங்கறது மட்டும்தான். நிஜமா எந்த வேலைக்கு எந்த வருஷம் கடன் வாங்கறதுன்னு கவர்னரோட வருடாந்திரத் திட்டம் முடிவு பண்ணும், அதுக்கு ஒரு உச்சவரம்பு வேற இருக்கு. அனுமதி கிடைச்சு வருஷக்கணக்கா தூங்கி, காலாவதியாகி, அடுத்த மசோதால திரும்ப அதே பாலம் பேர் வந்து, திரும்ப அதே பெருமை மெயிலும் வரும். எந்த மெயில்லயாவது அனுமதி, ஆத்தரைசேஷன்னு வார்த்தை கண்ணுல பட்டா அந்த வரிய தனியா எடுத்து வச்சுடுங்க, கணக்குல சேர்க்காதீங்க.

அப்படின்னா ரெப் எதுக்குன்னு கேக்கலாம். மெயில்ல எல்லாரும் தாண்டிப் போற கீழ்ப்பாதி தான் எனக்கு அதிகம் பயன்படற பகுதியா தெரியுது. லைப்ரரில மாசம் ஒரு காலைல அவங்களோ அவங்க உதவியாளரோ வந்து உக்காருவாங்க, யாரும் போகலாம், வரிசையே இருக்காது. வேலை போய் அன்எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம் போட்டு வாரக்கணக்குல ‘பரிசீலனையில் உள்ளது’ன்னே காட்டுதா, லைசென்ஸ் குடுக்குற ஆர்எம்வில டாகுமென்ட் சரியில்லன்னு திருப்பித் திருப்பி அனுப்பறாங்களா, மாநிலத்தோட மெடிக்கெய்டான மாஸ்ஹெல்த்ல தப்பா கட் பண்ணிட்டாங்களா, இதெல்லாம் மாநிலத் துறைகள். ரெப் ஆஃபீஸ்ல இருந்து ஒரு போன் போனா துறைக்குள்ள அதுக்குன்னே இருக்குற ஆள்கிட்ட போகும். சிட்டிசனா இருக்கணும், ஓட்டர் ஐடி காட்டணும்னு ஒண்ணும் கிடையாது, அந்தத் தொகுதில குடியிருந்தா போதும். நம்ம ஆளுங்க நிறைய பேர் ‘எனக்குத்தான் ஓட்டே இல்லையே’ன்னு போறதில்ல. போறவங்க சில பேர் ஹெச்1பி, கிரீன் கார்டு பிரச்னையத் தூக்கிட்டுப் போறாங்க, அது ஃபெடரல், வாஷிங்டன்ல இருக்குற காங்கிரஸ் மெம்பர் ஆஃபீஸுக்குப் போகணும், ஸ்டேட் ரெப் பாவம் அனுதாபம்தான் சொல்ல முடியும். பாராட்டுப் பத்திரமும் அப்படித்தான், கேட்டா குடுப்பாங்க, பொங்கல் விழா நடத்துற சங்கமோ ரிட்டயர் ஆகுற டீச்சருக்காக பெற்றோர்களோ முன்கூட்டி கேட்டா ஹவுஸ் முத்திரையோட ஒரு பத்திரம் வந்துடும், காசு செலவு இல்ல, சுவத்துல மாட்டிக்கலாம்.

மெயில்ல வந்த தொகைய சரிபார்க்கறது அப்படி ஒண்ணும் கஷ்டமில்ல. ஊருக்கு வர்ற மாநில உதவில பெரும்பகுதி செர்ரி ஷீட்னு ஒரு தாள்ல இருக்கும், முன்னாடி செர்ரிப் பழக் கலர் பேப்பர்ல அடிச்சுட்டு இருந்தாங்க, இப்ப டிவிஷன் ஆஃப் லோக்கல் சர்வீசஸ் தளத்துல ஊர் பேர் போட்டா வந்துடும், கவர்னர் சொன்னது, ஹவுஸ் சொன்னது, செனட் சொன்னது, கடைசியா பாஸ் ஆனது நாலும் பக்கத்துல பக்கத்துல. அதுல கவர்னர் சொன்ன தொகைக்கும் கடைசியா பாஸ் ஆன தொகைக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் பாருங்க, சட்டமன்றம் சேர்த்தது அவ்ளோதான். செர்ரி ஷீட்ல இல்லாம மெயில்ல மட்டும் இருக்குற தொகைன்னா அது பெரும்பாலும் இயர்மார்க்கோ பாண்டோ, சட்டமன்றத் தளத்துல பட்ஜெட்டத் தொறந்து ஊர் பேரத் தேடினா ‘குறைஞ்சது இவ்ளோ’ன்னு வரி கிடைக்கும், கிடைக்கலன்னா பெரும்பாலும் பாண்டு. இயர்மார்க்கா இருந்தா ரெப் ஆஃபீஸ்ல கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி, எந்தத் துறை வழியா வருது, ஒப்பந்தம் கையெழுத்து ஆயிடுச்சா. தமிழ்ச் சங்கமோ ஊர் கிரிக்கெட் கிளப்போ பார்க்குல பிட்ச் போட பணம் கேக்கலாம்னு நினைச்சா ஜூலை மெயிலப் பார்த்துட்டு எழுதி பிரயோஜனம் இல்ல, திருத்தம் ஏப்ரல்ல போடறாங்க, அதனால பிப்ரவரி மார்ச்சுலயே என்ன வேணும், எவ்ளோ, ஊர் நிர்வாகத்துல யார் பொறுப்பு எடுத்துக்கறாங்கன்னு ஒரு பக்கத்துல எழுதி ரெப்புக்கும் செனட்டருக்கும் ரெண்டு பேருக்கும் அனுப்புங்க, கிடைச்சாலும் ஜூன் 30க்குள்ள செலவு பண்ணி முடிக்கிற மாதிரி வேலையா பார்த்துக் கேளுங்க.